ஜி.பி. சர்ஜரியில் டாக்டர்களின் நேரம் எங்கே போகிறது?

கேள்வி: வடமேற்கு லண்டனில் ஒரு ஜி.பி. சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டர்களின் கிளினிக்கில், துணை மேலாளராகச் சேர்ந்திருக்கிறேன். பதிவான நோயாளிகள் சுமார் 11,000 பேர். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் போன் மதியம் வரை ஓய்வதில்லை. டாக்டர்கள் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு இரவு எட்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறார்கள். டாக்டர்களின் வேலைப்பளுவைக் குறைக்க ஒரு திட்டம் போடச் சொல்லி என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். புது மென்பொருள் வாங்கச் சொல்லலாமா, கூடுதலாக ஆள் எடுக்கச் சொல்லலாமா? எங்கே தொடங்குவது?

பதில்:

இப்போதைக்கு மென்பொருளும் வேண்டாம், ஆளும் வேண்டாம். முதலில் ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணுங்கள். சர்ஜரி நிர்வாகத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், டாக்டரின் நாளைத் தின்பது நோயாளியைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் இல்லை. அதைச் சுற்றி முளைக்கும் வேலைதான் அதைவிட அதிகம் தின்கிறது. அதில் கணிசமான பங்கு சர்ஜரி தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்வது. அது எங்கே உண்டாகிறது என்று பார்த்து நிறுத்தாமல் புதிதாக எதைக் கொண்டுவந்து வைத்தாலும், அதைப் பராமரிக்கும் வேலையும் டாக்டர் தலையில்தான் விழும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சர்ஜரியை நடத்தும் பங்குதாரர் டாக்டர்களிடம் பேசும்போது உதவும். 1948இல் என்.எச்.எஸ். என்ற பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை தொடங்கிய நாளிலிருந்தே ஜி.பி.க்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள்தான், அரசு ஊழியர்கள் அல்ல. பணத்தில் பெரும் பகுதி பதிவான தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. வயது, நோய்ச்சுமை இவற்றைப் பொறுத்து அதில் ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் ஒருவர் வருஷத்தில் ஒரு தடவை வந்தாலும் இருபது தடவை வந்தாலும் தொகை மாறாது. நம் ஊரில் ஃபீஸ் வாங்கும் டாக்டருக்குக் கூட்டம் கூடினால் வருமானம் கூடும். இங்கே கூட்டம் கூடினால் வேலை மட்டும்தான் கூடும். முழுநேரக் கணக்கில் பார்த்தால் பயிற்சி முடித்த ஒரு ஜி.பி.க்கு இங்கிலாந்தில் இப்போது 2,200க்கு மேல் நோயாளிகள். ஒரு நாளைக்கு 25 பேருக்கு மேல் பார்ப்பது பாதுகாப்பில்லை என்று பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் சொல்கிறது. அந்தக் கணக்குக்குள் நிற்கிற சர்ஜரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சரி, எதை எண்ணுவது? ஒவ்வொரு டாக்டரிடமும் ஒரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும், ஒவ்வொரு லெட்டர் பார்த்ததும், ஒரு கோடு போட வேண்டும். இதற்கு நான்தான் தேவைப்பட்டேனா? நம் நர்ஸோ பார்மசிஸ்ட்டோ பார்த்திருக்கலாமா? வெளியே உள்ள பார்மசியில் முடிந்திருக்குமா? ஆஸ்பத்திரி செய்ய வேண்டியதை நம்மிடம் தள்ளியிருக்கிறதா? நம் சர்ஜரியின் குளறுபடியால் வந்ததா? ஐந்து கட்டம் போதும், அதற்கு மேல் போட்டால் மூன்றாம் நாளே நிரப்புவதை நிறுத்திவிடுவார்கள். இப்படி ஒரு கணக்கு 2015இல் இங்கிலாந்து அளவில் எடுக்கப்பட்டது. பிரைமரி கேர் ஃபவுண்டேஷனும் என்.எச்.எஸ். அலையன்ஸும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை அது. டாக்டர் பார்த்த சந்திப்புகளில் 27 சதவீதம் தவிர்த்திருக்கக் கூடியவை என்று அதில் வந்தது. மறு வருஷம் என்.எச்.எஸ். இங்கிலாந்து கொண்டுவந்த ஜெனரல் பிராக்டிஸ் ஃபார்வர்ட் வியூ திட்டத்துக்கும், டாக்டர் நேரத்தை மிச்சப்படுத்த அதிலிருந்த பத்து நடவடிக்கைப் பட்டியலுக்கும் இந்தக் கணக்குதான் பெரிய ஆதாரம். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் சர்ஜரியின் கோடுகள் எந்தக் கட்டத்தில் குவிகின்றனவோ அங்கே கை வையுங்கள்.

ரிசெப்ஷனிலும் இன்னொரு தாள் வேண்டும். போன் செய்தவர் புதுப் பிரச்சினையோடு வந்தாரா, ரிசல்ட் கேட்டாரா, மருந்துச் சீட்டு என்னவாயிற்று என்று கேட்டாரா, ரெஃபரல் (நிபுணரிடம் அனுப்பும் கடிதம்) போய்விட்டதா என்று கேட்டாரா, நேற்று கிடைக்கவில்லை என்று இன்று மறுபடி அழைத்தாரா? இந்தத் தாள் நிரம்பியதும் பல பங்குதாரர்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். போன் நெரிசல் என்று எல்லோரும் புலம்புவதில் பெரும் பங்கு புது நோயால் வருவதில்லை. முன்பு செய்ததை முழுதாக முடிக்காததால் திரும்பி வருபவைதான் அவை.

காலை எட்டு மணி நெரிசலுக்கு வருகிறேன். 2023 மே மாதம் வந்த அரசின் திட்டம் இதை ஒழிப்பதையே முதல் குறிக்கோளாக வைத்தது. புதிய டெலிபோன் அமைப்பு முதலானவற்றுக்கு 24 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். இன்று வரிசையில் எத்தனை பேர் என்று பார்க்கலாம், வரிசை குறைந்ததும் நாமே திரும்ப அழைக்கும் வசதி இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆன்லைனில் கேட்கும் வழியையும் 2025 அக்டோபர் 1 முதல் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்தே வைத்திருக்க வேண்டும். ஆனால் கதவுகளை அதிகமாக்கியதால் உள்ளே இருக்கும் டாக்டருக்கு வேலை குறையாது. 2014இல் லான்செட் இதழில் வந்த எஸ்டீம் ஆய்வை உங்கள் பங்குதாரர்களுக்குச் சொல்லுங்கள். 42 சர்ஜரிகளில் நடந்தது. அன்றே பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களை முதலில் டாக்டரோ நர்ஸோ போனில் விசாரித்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அடுத்த 28 நாட்களில் மொத்தத் தொடர்புகள் டாக்டர் விசாரித்த இடங்களில் 33 சதவீதமும், நர்ஸ் விசாரித்த இடங்களில் 48 சதவீதமும் கூடின. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை இடம் மாறியது, அவ்வளவுதான். போனில் பேசிவிட்டு ‘நேரில் வாருங்கள்’ என்று சொன்னால் அது இரண்டு வேலை.

அதற்காக விசாரிப்பதே வீண் என்று சொல்லவில்லை. யார் விசாரிக்கிறார், முதல் தொடர்பிலேயே முடிவு வருகிறதா என்பதில்தான் சூட்சுமம். எல்லாக் கோரிக்கைகளும், போனில் வந்தாலும் ஆன்லைனில் வந்தாலும் கவுன்டருக்கு வந்தாலும், ஒரே பட்டியலில் விழ வேண்டும். அந்தப் பட்டியலை அனுபவமுள்ள ஒரு டாக்டரும் நல்ல பயிற்சி பெற்ற ரிசெப்ஷன் ஊழியர் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கை மரத்தல் போன்றவற்றுக்கு எந்த யோசனையும் இல்லை, நேராக 999 (அவசர ஆம்புலன்ஸ் எண்). மற்றவற்றில் இது இன்றைக்கா, இந்த வாரத்துக்கா, யாரிடம், நேரிலா போனிலா என்று ஒரே மூச்சில் தீர்மானித்துவிட்டால் திரும்பத் திரும்பத் தொட வேண்டியதில்லை. ‘நாளைக்குக் காலையில் மறுபடி போன் பண்ணுங்கள்’ என்று சொல்வதை 2023இலேயே ஒப்பந்தத்தில் நிறுத்திவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லும் வாய்கள் இருந்தால் அன்பாக நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியம் இன்றைய ஒரு போனை நாளைக்கு மூன்றாக்குகிறது.

சின்ன உபாதைகளுக்கு 2024 ஜனவரி 31 முதல் பார்மசி ஃபர்ஸ்ட் என்ற திட்டம் இருக்கிறது. சைனஸ், தொண்டை வலி, குழந்தைகளின் காதுவலி, பூச்சிக்கடி சீழ் வைத்தல், இம்பெடிகோ என்ற தோல் தொற்று, அக்கி, பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் பார்மசிஸ்ட்டே பார்த்து, தேவையானால் ஆன்டிபயாட்டிக்கும் கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு 16 முதல் 64 வயது வரைதான். அதை அச்சடித்து ரிசெப்ஷனில் ஒட்டுங்கள். ‘பக்கத்துப் பார்மசிக்குப் போங்கள்’ என்று வாயால் சொல்லி அனுப்பாமல் கம்ப்யூட்டர் வழியாக முறைப்படி அனுப்புங்கள். வாயால் சொன்னால் அந்தப் பார்மசிக்குப் பல சமயம் பணம் வராது, போனவர் கவனிக்கப்பட்டாரா என்ற பதிவும் நமக்குத் திரும்பாது. அவர் வெறுங்கையோடு திரும்பிவந்து நம் கவுன்டரில் கத்துவார். கத்துவதில் நியாயமும் இருக்கும்.

இனி லெட்டர். என் கணக்கில் மிக அதிகப் பலன் தருவது இதுதான், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். 11,000 நோயாளிகள் உள்ள சர்ஜரிக்கு ஒவ்வொரு நாளும் கட்டுக்கட்டாக ஆஸ்பத்திரிக் கடிதங்கள் வரும். முன்பு காகிதம், இப்போது டாக்மேன் போன்ற கடித மென்பொருளின் திரையில். பழைய வழக்கப்படி ஒவ்வொன்றும் ஒரு டாக்டர் பார்வைக்குப் போகும். அவற்றில் என்ன இருக்கும்? கண் ஸ்கிரீனிங்கில் எல்லாம் சரி என்று ஒன்று. பிசியோதெரபி முடிந்தது என்று ஒன்று. நோயாளி குறிப்பிட்ட நாளில் வரவில்லை என்று ஒன்று. இரவு 111க்கு (என்.எச்.எஸ். ஆலோசனை எண்) அழைத்தார், ஆலோசனை சொல்லி முடித்தோம் என்று ஒன்று. டாக்டர் திறக்கிறார், படிக்கிறார், மூடுகிறார். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பது கடிதம் ஐம்பது நிமிடம். அதுவும் இரவு ஏழு மணிக்கு, மூளை ஓய்ந்துபோன பின்.

அதே குவியலில் ஐம்பத்தோராவது கடிதம் இருதய நோய் கிளினிக்கிலிருந்து இரண்டு பக்கம் வந்திருக்கும். முதல் ஒன்றரைப் பக்கம் பழைய வரலாறு. கடைசிக்கு முந்தைய வரியில், புது மாத்திரை தொடங்கியிருக்கிறோம், இரண்டு வாரத்தில் சிறுநீரக ரத்தப் பரிசோதனையை ஜி.பி. செய்துகொள்ளட்டும் என்று இருக்கும். ஓய்ந்த கண் அந்த வரியைத் தாண்டிவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. தேவையில்லாத கடிதங்களை டாக்டரின் பெட்டியிலிருந்து எடுப்பதில் நேரம் மட்டும் மிச்சமாவதில்லை, தேவையானதை அவர் ஒழுங்காகப் படிப்பார்.

பிரைட்டன் பகுதியில் இதை முறையாகச் செய்து காட்டினார்கள். பயிற்சி பெற்ற அலுவலக ஊழியர்கள் கடிதத்தை முழுதாகப் படித்து, நோயின் பெயரையும் அளவுகளையும் பதிவில் ஏற்றி, செய்ய வேண்டியதை உரியவருக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான கடிதங்கள் டாக்டரைத் தொடாமலே முடிந்தன. அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க ரிசெப்ஷன், அலுவலக ஊழியர் பயிற்சிக்கென்று 2016 திட்டத்தில் ஐந்து வருஷத்துக்கு 4.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். உங்கள் சர்ஜரியிலும் இதைச் செய்யலாம், மூன்று விஷயம் இருந்தால். எந்தக் கடிதம் கட்டாயம் டாக்டருக்குப் போக வேண்டும் என்ற எழுத்துமூல விதி வேண்டும். புது நோய் கண்டுபிடிப்பு, புற்றுநோய் சந்தேகம், மருந்து மாற்றம், குழந்தைப் பாதுகாப்பு, கர்ப்பம், மனநல நெருக்கடி, புரியாத எதுவும் இதில் வரும். மருந்து மாற்றங்கள் பார்மசிஸ்ட் ஒருவர் இருந்தால் அவரிடமே போகலாம். இரண்டாவது, சந்தேகம் வந்தால் கேட்க ஒரு டாக்டர், பெயர் குறித்து. மூன்றாவது, ஊழியர் முடித்துவைத்த கடிதங்களில் ஒரு சாம்பிளை அந்த டாக்டர் ஆரம்பத்தில் வாராவாரமும் பிறகு மாதாமாதமும் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதை விட்டால் முதல் தவறு நடந்த அன்றே திட்டம் செத்துவிடும், டாக்டர்கள் எல்லோரும் ‘எல்லாமே என்னிடம் வரட்டும்’ என்று பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள். இன்னொன்று, இந்த வேலையைச் செய்பவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள். பொறுப்பை மட்டும் கூட்டிவிட்டுப் பழைய சம்பளத்தில் வைத்திருந்தால் நன்றாகக் கற்றவர் பக்கத்துச் சர்ஜரிக்குப் போய்விடுவார்.

லெட்டருக்கு அடுத்தது மருந்து. உங்கள் சர்ஜரியில் ரிப்பீட் மருந்து, அதாவது டாக்டரைப் பார்க்காமலே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் மருந்து, வாங்கும் ஒரு முதியவரின் பதிவைத் திறந்து பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை 28 நாளுக்கு, சர்க்கரை மாத்திரை 56 நாளுக்கு, கொழுப்பு மாத்திரை ஆஸ்பத்திரியில் தொடங்கியதால் வேறு தேதியில். மூன்றும் மூன்று வெவ்வேறு தேதியில் தீரும். மூன்று தடவை கேட்பார், மூன்று தடவை யாரோ ஒருவர் எடுத்து வைப்பார், மூன்று தடவை டாக்டர் கையெழுத்திடுவார். நடுவில் ஒன்று விட்டுப்போய் ஒரு போன். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள். எல்லா மருந்தையும் ஒரே தேதிக்குக் கொண்டுவருவது ஒரு நோயாளிக்குச் சில நிமிட வேலை, ஒரே ஒரு தடவை. பார்மசி டெக்னீஷியன் செய்யலாம். நிலைமை மாறாமல் இருப்பவர்களை எலக்ட்ரானிக் ரிப்பீட் டிஸ்பென்சிங்குக்கு மாற்றுங்கள். டாக்டர் ஒரு தடவை கையெழுத்திட்டால் 12 மாதம் வரை பார்மசியிலிருந்தே மருந்து வந்துகொண்டிருக்கும். மெத்தோட்ரெக்சேட், லித்தியம் மாதிரி அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டிய மருந்துகளை இதில் அவசரப்பட்டுப் போடாதீர்கள். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை இதில் போட அனுமதியும் இல்லை. தைராய்டு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை என்று நிலையாகச் சாப்பிடுபவர்களிடம் தொடங்கினால் மூன்றாம் மாதத்தில் கையெழுத்து வரிசை குறைவது கண்ணில் தெரியும்.

இதோடு சேர்த்து வருஷாந்திரப் பரிசோதனைகளையும் பாருங்கள். சர்க்கரைக்கு மார்ச்சில் ஒரு அழைப்பு, அழுத்தத்துக்கு ஜூனில் ஒன்று, சிறுநீரகத்துக்கு அக்டோபரில் ஒன்று என்று ஒரே ஆளை மூன்று தடவை வரவழைத்து மூன்று தடவை ரத்தம் எடுக்கும் சர்ஜரிகள் உண்டு. பிறந்த மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே அழைப்பாக்கிவிடுங்கள். முதலில் ரத்தம், அழுத்தம், எடை எல்லாம் உதவியாளரிடம். ரிசல்ட் வந்த பிறகு நர்ஸோ பார்மசிஸ்ட்டோ ஒரு நீண்ட சந்திப்பு. சிக்கலானவர் மட்டும் டாக்டரிடம்.

ரத்தப் பரிசோதனை என்றதும் இன்னொன்று. பரிசோதனை கேட்பவர் ஏன் கேட்கிறார், இந்த அளவு வந்தால் என்ன செய்வது என்று கேட்கும்போதே பதிவில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிசல்ட் வரும் நாளில் வேலையில் இருக்கும் வேறொரு டாக்டர் பதிவைத் தோண்டி, எதற்காக என்று ஊகித்து, முடியாமல் ‘டாக்டரிடம் பேசவும்’ என்று குறித்துவிடுவார். அந்த இரண்டு சொல்லைப் பார்த்த நோயாளி இரவெல்லாம் தூங்காமல் காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக அழைப்பார். ‘ரத்தசோகை லேசாக இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை பார்மசிக்கு அனுப்பியிருக்கிறோம், மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம்’ என்று ஒரு குறுஞ்செய்தி போயிருந்தால் அந்த அழைப்பே இல்லை.

ஆஸ்பத்திரி நம் மேல் தள்ளும் வேலைக்கு இங்கே விதி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்தப்படி, அதே நோயோடு தொடர்புள்ள வேறொரு நிபுணரிடம் அனுப்ப வேண்டுமானால் அவர்களே அனுப்பலாம், ‘உங்கள் ஜி.பி.யிடம் ரெஃபரல் கேளுங்கள்’ என்று திருப்பக்கூடாது. வேலைக்குப் போக முடியாதவருக்கு ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்றைத் தேவையான காலத்துக்கு அவர்களே தர வேண்டும். டிஸ்சார்ஜ் குறிப்பு 24 மணி நேரத்தில், கிளினிக் கடிதம் 7 நாளில் வர வேண்டும். 2023 திட்டத்திலும் இவை மறுபடி வலியுறுத்தப்பட்டன. மீறல் வரும்போது டாக்டர் கோபத்தோடு நீண்ட கடிதம் எழுதுவதால் பயனில்லை. இரண்டு வரியில் ஒரு மாதிரிக் கடிதம் தயார் செய்யுங்கள், அலுவலக ஊழியரே அனுப்பட்டும், ஒவ்வொன்றையும் எண்ணிவையுங்கள். மூன்று மாத எண்ணிக்கையை பக்கத்துச் சர்ஜரிகளின் எண்ணிக்கையோடு சேர்த்து உள்ளூர் என்.எச்.எஸ். வாரியத்திடம் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் திரும்பிப் பார்க்கும். தனி டாக்டரின் முறைப்பாடு குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஃபிட் நோட்டைப் பொறுத்தவரை இன்னொரு வசதி: 2022 ஜூலை 1 முதல் நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லோரும் கையெழுத்திடலாம். முதல் ஏழு நாளுக்கு நோட்டே தேவையில்லை, நோயாளியே படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். இதை முதலாளிகளுக்குப் புரியவைக்க முடியாமல் திணறும் நம் கடை, ரெஸ்டாரன்ட் பையன்களுக்கு அந்தப் படிவத்தை ரிசெப்ஷனிலேயே வைத்திருந்து கொடுத்துவிடுங்கள்.

ஆள் எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். 2019 ஜூலையில் சர்ஜரிகள் 30,000 முதல் 50,000 நோயாளிகள் கொண்ட கூட்டமைப்புகளாகச் சேர்க்கப்பட்டன. கிளினிக்கல் பார்மசிஸ்ட், பிசியோ, பாராமெடிக், சோஷியல் பிரிஸ்கிரைபிங் லிங்க் வொர்க்கர் (தனிமை போன்ற, மருந்தால் தீராத பிரச்சினைகளுக்கு உள்ளூர் உதவியோடு இணைத்துவிடுபவர்) என்று பலருக்குச் சம்பளம் அதன் வழியாக வருகிறது. 2024 அக்டோபரிலிருந்து புதிதாகப் பயிற்சி முடித்த ஜி.பி.க்களையும் அதில் எடுக்கலாம். என் பார்வையில் பிசியோவும் பார்மசிஸ்ட்டும் தெளிவான லாபம். முதுகுவலியும் மூட்டுவலியும் டாக்டரைத் தொடாமல் நேரே பிசியோவிடம் போகலாம். மற்றவர்களில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டர் ஐந்து நிமிடம் கேட்டுக் கையெழுத்திட வேண்டுமானால் அந்த ஐந்து நிமிடம் டாக்டரின் நாளில் எங்கே என்று அட்டவணையில் எழுதியிருக்க வேண்டும். பல இடங்களில் எழுதுவதில்லை, இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கதவைத் தட்டிக் கேட்கிறார்கள். ஃபிசிஷியன் அசோசியேட்கள் (டாக்டர் அல்லாத, டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பவர்கள்) விஷயத்தில் 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை, நோய் என்னவென்று இன்னும் தெரியாத நோயாளியை தேசிய அளவில் வகுத்த நெறிமுறைகளுக்கு வெளியே அவர்கள் முதல் ஆளாகப் பார்க்கக்கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. பங்குதாரர்கள் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதி வடமேற்கு லண்டன் என்கிறீர்கள். ஹாரோ, வெம்பிளிப் பக்கம் என்றால் தமிழ் பேசும் முதியவர்கள் நிறைய இருப்பார்கள், குஜராத்தி, ருமேனியன் பேசுபவர்களும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பத்து நிமிடம் கொடுத்த சந்திப்பில் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? ‘உடம்பெல்லாம் உளைவு’ என்பார். கூட வந்த பேரன் ‘பாடி பெயின்’ என்பான். பாரசிட்டமாலோடு போவார், அடுத்த வாரம் வருவார், அதற்கடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் வருவார். உண்மையில் தூக்கமில்லாமை, கணவர் போன துக்கம், இரவில் தனியாக இருக்கும் பயம் எல்லாம் பேரன் முன்னால் சொல்ல முடியாதவை. பதிவில் மொழியையும் மொழிபெயர்ப்பாளர் தேவையையும் ஏற்றிவைத்து, புக் செய்யும்போதே இரட்டை நேரமும் மொழிபெயர்ப்பாளரும் தானாகச் சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். இருபது நிமிடம் ஒரு தடவை செலவழிப்பது பத்து நிமிடம் நாலு தடவையைவிட மலிவு. அப்புறம் லிங்க் வொர்க்கர் தமிழ் பேசுபவராகக் கிடைத்தால் விடாதீர்கள்.

இதையொட்டி வருவது, ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்ப்பது. வேலைப்பளு பற்றிய பேச்சில் இது பழைய காலத்துச் சொகுசு மாதிரித் தள்ளிவைக்கப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2024இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக, இன்சியாட் மேலாண்மைக் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் 381 சர்ஜரிகளில் பதினொரு வருஷத்தின் ஒரு கோடிக்கு மேற்பட்ட சந்திப்புகளைப் பார்த்தார்கள். வழக்கமான டாக்டரைப் பார்த்துப் போனவர் அடுத்த தடவை வர 18 சதவீதம் அதிக நாள் எடுத்தார். டாக்டர் அதற்காகக் கூடுதல் நேரம் செலவழிக்கவும் இல்லை. எல்லாச் சர்ஜரிகளும் முன்னணிப் பத்து சதவீதம் போல இதைச் செய்தால் மொத்தச் சந்திப்புகள் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். நார்வேயில் 2021இல் வந்த ஆய்வில், ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களிடம், ஒரு வருஷம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசர ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் இறப்பும் கால் பங்குக்குக் குறையாமல் தாழ்ந்திருந்தன. எல்லோருக்கும் இது தேவையில்லை. காதுவலிக்கு யாரைப் பார்த்தாலும் சரி. பல நோய் உள்ளவர்கள், மனநலப் பிரச்சினை உள்ளவர்கள், அடிக்கடி வருபவர்கள் இவர்களுக்கு மட்டும் ஒரு டாக்டரின் பெயரை பதிவின் மேல் வரியில் போட்டு, ரிசெப்ஷன் அதைப் பார்த்தே புக் செய்யட்டும். பட்டியலில் முதல் ஐம்பது பேரை எடுத்தாலே டாக்டர்களுக்கு அவர்கள் பெயர் சொல்லாமலே தெரியும்.

சந்திப்பைக் கேட்டுக் குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பற்றி விற்பனையாளர்கள் உங்களைத் தேடி வருவார்கள், வந்திருப்பார்கள். 2025 ஏப்ரலில் என்.எச்.எஸ். இங்கிலாந்து அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் உள்ள பாதுகாப்பு நிபந்தனைகள் நிறைவேறியிருக்கிறதா என்று கேளுங்கள், எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பு டாக்டருடையது என்பதை மறக்காதீர்கள். தட்டச்சு மெதுவாகச் செய்யும் டாக்டருக்குப் பயன் உண்டு. குப்பைக் கடிதமும் சிதறிய மருந்துத் தேதிகளும் அப்படியே இருக்கும்போது அதை முதலில் வாங்குவது பணத்துக்குக் கேடு.

பங்குதாரர் கூட்டத்துக்கு இந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகாதீர்கள். எண்ணிய தாளைக் காட்டுங்கள், கடித முறையைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு டாக்டரின் கடிதப் பெட்டியை மட்டும் ஆறு வாரத்துக்குக் கேளுங்கள். எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் டாக்டரையே தேர்ந்தெடுங்கள், அவர் ஒப்புக்கொண்டால் மற்றவர்கள் பேச மாட்டார்கள். அப்புறம், மிச்சமாகும் நேரம் யாருக்கு என்பதை அந்தக் கூட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பாதி நேரம் சிக்கலான நோயாளிகளுக்கு இருபது நிமிடச் சந்திப்பாகவும், பாதி நேரம் டாக்டர் வீட்டுக்குப் போகவும் என்று முடிவானால் அட்டவணையில் உடனே அடைத்து வையுங்கள். காலியாக விட்டால் அடுத்த திங்கட்கிழமையே யாராவது அதில் நாலு அவசரச் சந்திப்பைப் போட்டுவிடுவார்கள்.